மூன்றாவது பொத்தான்

1

இந்தக் கதை என் கணவரின் சட்டையிலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் அவரே உங்களைத் தேடிப்பிடித்துச் சொல்லிவிடுவார். அந்தச் சட்டை புதுசு. அவருக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். என் கணவர் அப்போது உடம்பைக் குறைக்கிறேன் பேர்வழி என்று காலைச் சாப்பாட்டை விட்டிருந்தார். நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தவருக்குத் தலை சுற்ற, சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நடந்தது அவ்வளவுதான். அதற்குள் அண்ணன் மேசைக்கு இந்தப் பக்கம் வந்திருந்தான். எப்படி வந்தான் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு கையாலும் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. பொத்தான்கள் தெறித்தன. ஒன்று தண்ணீர் டம்ளருக்குள் போய் விழுந்தது.

"மச்சான், எனக்கு ஒண்ணுமில்ல. பசி," என்றார் என் கணவர், தரையில் இருந்தபடியே. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "புதுச் சட்டை மச்சான்," என்றார்.

அண்ணன் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். ஆள் பாதி, மீசை பாதி. அங்கே அவனை எல்லாரும் 'மீசை சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. "சண்டை போடுங்க மாப்ள, நல்லாப் போடுங்க," என்றான். அவன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். ஏன் என்று அப்போது புரியவில்லை.

பிறகு குனிந்து பொத்தான்களைப் பொறுக்கினான். பர்சிலிருந்து ஓர் அட்டைத் துண்டை எடுத்தான். அதில் ஊசி, ஏற்கனவே நூல் கோத்தபடி. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினான். அதற்கு முன் அவனைக் கண்ணாடியோடு நான் பார்த்ததில்லை, ஊசியோடும் பார்த்ததில்லை. கடைசியில் அவன் போட்ட முடிச்சு எனக்குத் தெரிந்த எந்த முடிச்சு மாதிரியும் இல்லை.

"இது என்ன முடிச்சுண்ணா?"

"காயத்துக்குப் போடற முடிச்சு. அவுராது."

"நீ எப்போ தைக்கக் கத்துக்கிட்ட?"

அண்ணி சிரிப்பை நிறுத்தினாள். அண்ணன் தைத்துக்கொண்டே சொன்னான். அவன் சொல்லி முடிப்பதற்குள் எல்லாப் பொத்தானும் தைத்தாகிவிட்டது. எனக்கு இதை எழுதி முடிக்கத்தான் இத்தனை மாதமாகிறது.

2

ஆரம்பங்கள். முதலாவது இது:

மரணம் என்பது —

(வேண்டாம். இதை அண்ணனிடம் காட்டினேன். "யாருக்கு?" என்று கேட்டான். அதற்குமேல் எழுத முடியவில்லை.)

இரண்டாவது:

அவசர சிகிச்சைப் பிரிவின் கதவு இரண்டு பக்கமும் திறக்கும். ஒரு பக்கம் நம்பிக்கையோடு உள்ளே வருகிறவர்கள், மறுபக்கம் —

(இது அழகாக இருக்கிறதே என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கதவு ஒரு பக்கம்தான் திறக்குமாம். இரட்டைக் கதவில் மற்றது வெகுநாளாகக் கெட்டுக் கிடக்கிறது. ஸ்ட்ரெச்சரைக் கொஞ்சம் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். என் அழகான வாக்கியத்துக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையாது.)

எழுத ஒப்புக்கொண்டபோது அண்ணன் இரண்டு நிபந்தனை போட்டான். ஒன்று, அவனை மகான் ஆக்கக்கூடாது. இரண்டு, "செத்தவங்களப் பொழைக்க வைக்காத."

முதல் நிபந்தனை சுலபம். தங்கைக்கு எந்த அண்ணனும் மகான் ஆக முடியாது. இரண்டாவதை நான் மீறினேன். அதை ஐந்தாவது பகுதியில் சொல்கிறேன்.

3

சட்டையைக் கிழிக்க நேரமே ஆகாது. பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தால் உயிர் காத்திருக்காது. பனியன் என்றால் கத்தரிக்கோல். சட்டை என்றால் கைதான் வேகம். பொத்தான்கள் தெறித்துத் தரையில் ஓடும் சத்தம் அந்த நேரத்தில் யார் காதிலும் விழாது. நெஞ்சை அழுத்துகிறவர் அழுத்துவார், ஊசி போடுகிறவர் போடுவார். எல்லாம் முடிந்து, டாக்டர் மணி பார்த்துச் சொல்லி, எல்லாரும் கையை எடுத்த பிறகுதான் காலுக்கடியில் ஏதோ நறுக்கென்று மிதிபடும்.

முதல் சில வருஷங்கள் அண்ணனும் மற்றவர்கள் மாதிரித்தான் இருந்தான். கையைக் கழுவினான், டீ குடித்தான், அடுத்த ஆளைப் பார்த்தான். வீட்டுக்கு வந்தால், "என்ன ஆச்சு?" என்று அண்ணி கேட்பாள். "ஒண்ணுமில்ல" என்பான். அந்த 'ஒண்ணுமில்ல' சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என்று அண்ணி சொல்வாள். அதற்கும் சேர்த்துச் சமைக்க வேண்டியிருந்ததாம்.

ஒருநாள், போய்விட்ட ஒரு வாத்தியாரின் மகன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். அப்பாவின் துணிகள் இருந்த பையை அப்போதுதான் கொடுத்திருந்தார்கள். அவன் சட்டையை வெளியே எடுத்து, பொத்தான் இல்லாத முன்பக்கத்தை இரண்டு கையாலும் சேர்த்துச் சேர்த்துப் பிடித்தான். கையை எடுத்தால் அது திறந்துகொண்டது. திரும்பவும் சேர்த்தான். "அப்பா கழுத்து பட்டன் வரைக்கும் போடுவாரு," என்று யாரிடமோ சொன்னான். பக்கத்தில் யாரும் இல்லை. அண்ணன் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் வேலைக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஊசியும் நூல்கண்டும் எடுத்துப் போனான்.

அதிலிருந்து அதுவே வழக்கம். தரை துடைக்கும் அக்கா பொத்தான்களைப் பெருக்கி ஜன்னல் விளிம்பில் ஒதுக்கி வைப்பாள். ஏன் என்று அவள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. காகித வேலைகள் முடியும்வரை கிடைக்கும் இடைவெளியில், சாமான் அறைக்குள் போய், சலைன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தைப்பான். ஏதாவது பொத்தான் தொலைந்திருந்தால், ஒரு சின்ன டப்பாவில் அநாதைப் பொத்தான்கள் இருக்கும். அதிலிருந்து ஒன்று. முடிந்ததும் சட்டையை நீவி மடித்து, யாருக்கும் கேட்காமல், "போயிட்டு வாங்க" என்பான். வீட்டை விட்டுக் கிளம்புகிறவரிடம் 'போங்க' என்று யாராவது சொல்வார்களா?

(இங்கே ஓர் அடிக்குறிப்பு போட்டிருக்க வேண்டும். விபத்து, அடிதடி என்று வந்தால் துணியைத் தொடவே கூடாது. அது போலீசுக்குப் போக வேண்டியது. அண்ணன் அதைத் தொட்டதில்லை. மற்ற துணியையும் உள்ளது உள்ளபடி கொடுப்பதுதான் முறை. அதனால்தான் சாமான் அறை.)

"அவங்களுக்காகச் செய்யறேன்னு எழுதிடாத," என்றான். "எனக்காகத்தான். அழுத்து அழுத்துன்னு அழுத்தி, ஒண்ணும் நடக்காம எடுத்த கை அது. அந்தக் கைக்கு எதையாவது ஒண்ண முடிக்கணும்."

4

நீலச் சட்டைக்காரர் ஒரு காலை வேளையில் வந்தார். அலுவலகத்துக்குக் கிளம்பிய மனுஷர், பஸ் ஸ்டாப்பில் விழுந்துவிட்டார். நின்றிருந்தவர்கள் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள். கூட வந்தவர் என்று யாரும் இல்லை.

அன்றைக்குப் பணியில் இருந்தது புதிதாகச் சேர்ந்த டாக்டரம்மா. நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை. அண்ணன்தான் கடைசியில், "போதும்மா, விட்டுருங்க," என்றான். அந்தப் பெண் கையைக் கழுவப் போய், குழாயை மூடாமல் சுவரையே பார்த்து நின்றது. அண்ணன் போய்க் குழாயை மூடினான். 

பிறகு சாமான் அறை. பொத்தான்களைச் சட்டையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று குறைந்தது. மேலிருந்து மூன்றாவது. நெஞ்சுக்கு நேராக வருவது. கட்டிலுக்கு அடியில் பார்த்தான், சக்கரங்களை உருட்டிப் பார்த்தான், அக்கா இன்னொரு தரம் பெருக்கினாள். கிடைக்கவில்லை. டப்பாவிலிருந்து கிட்டத்தட்ட அதே நிறத்தில் ஒன்றை எடுத்தான். மற்றவற்றில் இரண்டு ஓட்டை, இதில் நான்கு. போகட்டும், தூரத்தில் இருந்து தெரியாது.

பிய்த்துக்கொண்டு போன பொத்தானுக்கு அடியில் நூல் பிசிறு இருக்கும், துணி கொஞ்சமாவது நைந்திருக்கும். மூன்றாவது இடத்தில் அப்படி எதுவும் இல்லை. அன்றைக்கு அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவனுக்குக் கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஊசியில் நூல் கோப்பதற்கே படாத பாடு. அவன் அதை ஒத்துக்கொண்டால்தானே.

5

இந்த இடத்தில்தான் நிபந்தனையை மீறினேன்.

டாக்டரம்மா கையை எடுக்கும் அந்த வினாடியில் இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் ஒரு சின்ன அசைவு. "மீசை சார்!" என்று ஒரு சத்தம். நீலச் சட்டைக்காரர் ஒரு வாரம் கழித்து, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு —

எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அழுதுகொண்டே எழுதினேன். அண்ணன் அதைப் படித்தான். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"நல்லாத்தான் இருக்கு. நானும் தெனம் பஸ்ஸுல வரும்போது இதத்தான் எழுதிக்கிட்டு வருவேன். வீடு வர்றதுக்குள்ள எல்லாரும் பொழைச்சிருவாங்க. மறுநாள் போனா அந்தக் கட்டில் காலியா இருக்கும்."

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

எடுத்துவிட்டு யோசித்தபோது வேறொரு சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் இருப்பானா? பொத்தான் தைக்கிறான், குழாயை மூடுகிறான். வாசகர்கள் நம்புவார்களா? அண்ணியிடம் கேட்டேன். "நல்லவனா? என் பிறந்த நாள் என்னிக்குன்னு கேட்டுப் பாரு," என்றாள். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அதை அப்படியே சேர்த்துவிட்டேன்.

ஆனால் அண்ணி இன்னொன்றும் சொன்னாள். நீலச் சட்டைக்காரருக்குப் பிறகு அண்ணன் தூக்கத்தில் கையை மடக்கி மடக்கி அழுத்தினானாம். அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். "போதுங்க. கண் பிரிவுக்கு மாத்திக் குடுக்கச் சொல்லுங்க. அங்க யாரும் சாக மாட்டாங்க." கேட்டதும் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் சரி என்று சொல்லிவிட்டால் போதும். அண்ணனும் சரி என்று சொல்லத்தான் இருந்தான்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார்.

6

மதியம். வெயில் வராந்தாவின் பாதிவரை வந்திருந்தது. டாக்டரம்மா ஒரு பெண்மணியை அழைத்து வந்து, "இவங்க அன்னிக்கி வந்தவரோட வொய்ஃப். என்னமோ கேக்கணுமாம்," என்று விட்டுப் போனார். அந்த அம்மாவுக்கு அண்ணன் வயதுதான் இருக்கும். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"சார், அவரக் கொண்டாந்தப்போ கூட ஒரு பொம்பள வந்தாளா?"

"இல்லம்மா. யாருமே வரல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா."

அந்த அம்மா பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்து விரித்தார். மூன்றாவது பொத்தானில் விரலை வைத்தார்.

"வீட்டுலேர்ந்து கெளம்பும்போது இது இல்ல. பிஞ்சு போயி ரொம்ப நாளாச்சு. தைச்சுக் குடு தைச்சுக் குடுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அன்னிக்கும் கேட்டாரு. எனக்கு என்ன எரிச்சலோ, உங்களுக்குக் கை இல்லையான்னு கேட்டுட்டேன். ஃபைலை நெஞ்சுல வச்சு மறைச்சுக்கிட்டுப் போனாரு. போயிட்டு வர்றேன்னுகூடச் சொல்லல."

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தான். அவர் நின்றபடியே பேசினார்.

"அவரு தைச்சிருந்தா கோணலா இருக்கும். இது எவ்வளவு நேர்த்தியா இருக்கு பாருங்க. வேற பட்டன், வேற நூலு. எங்க வீட்டு வாசலுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவுல என் புருஷனுக்குப் பட்டன் தைச்சுக் குடுக்க எவளோ இருந்திருக்கா. அழக்கூட முடியல சார் என்னால. அழ ஆரம்பிச்சா அவ மொகம் வந்து நிக்குது."

(இங்கே நான் பேனாவை வைத்துவிட்டேன். அண்ணனுக்கு இரண்டு வழி இருந்தது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு தையல்கடை இருக்கிறது, அங்கே தைத்திருப்பார் என்று ஒரு வார்த்தை. அந்த அம்மா நம்பியிருப்பார். அவன் தப்பித்திருப்பான். உண்மையைச் சொன்னால், விதியை மீறித் துணியைத் தொட்டவன் என்றாகும். அது போகட்டும். இத்தனை நாள் தன்னைத் தாங்கி நிறுத்திய ஒரே காரியம் ஒருத்தர் தலையில் இடியாக இறங்கியிருக்கிறது என்று அவர் முகத்துக்கு நேராக ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் எந்தக் கையால் ஊசியை எடுப்பது?)

"அது நான்தாம்மா," என்றான் அண்ணன்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை.

"நான்தான் தைச்சேன். சட்டையக் கிழிச்சதும் நாங்கதான். பட்டன்லாம் ஓடிப்போச்சு. இதுவும் ஓடிப்போச்சுன்னு நெனச்சு என்கிட்ட இருந்தத வச்சுட்டேன்."

அவர் அண்ணனின் மீசையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடி மீசையைப் பார்த்தார்.

"நீங்களா?"

"நான்தாம்மா. மன்னிச்சுக்கங்க."

முதலில் ஒரு மாதிரிச் சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று தெரிய அண்ணனுக்குக் கொஞ்ச நேரமானது. "கடவுளே! அவளுக்கு மூக்கு முழியெல்லாம் வச்சுட்டேனே! தெனம் அவளத் திட்டாம நான் தூங்கினதில்லையே!" என்று அந்த அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அது அழுகையாகிவிட்டது. இத்தனை நாள் அழாத அழுகை எல்லாம் வந்தது. அண்ணன் பக்கத்திலேயே இருந்தான்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. நல்லது செய்யறோம்னு நெனச்சு..."

"என்ன தப்பு? என் புருஷன எனக்குத் திருப்பிக் குடுத்திருக்கீங்க," என்றார் அவர்.

அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அவனிடம் சொல்லாத வார்த்தை அது. இதைச் சொல்லும்போது அண்ணன் என் கணவரின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தைக்காமல் இருந்தான்.

"கடைசில மொகம் கோவமா இருந்துச்சாண்ணே?" அந்த அம்மாவின் பேச்சில் சார் போய் அண்ணன் வந்திருந்தது.

"இல்லம்மா. அசதியாத்தான் இருந்தாரு." பிறகு, சொல்லலாமா என்று யோசித்து, "சட்டைய மடிக்கும்போது போயிட்டு வாங்கன்னு சொன்னேன். எப்பவும் சொல்றதுதான்," என்றான்.

"நான் சொல்ல வேண்டியது," என்றார் அந்த அம்மா. "யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கீங்களே. அது போதும்ணே. நல்லா இருங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு பர்சைத் திறந்தார். உள்ளே சில்லறையோடு சில்லறையாக ஒரு பொத்தான். இரண்டு ஓட்டை.

"ஊசி இருக்கா?"

அண்ணன் சாமான் அறையிலிருந்து ஊசியும் நூல்கண்டும் கத்தரிக்கோலும் கொண்டுவந்தான். மரியாதைக்கு, நூலைக் கோத்தே கொடுக்கலாம் என்று பார்த்தான். நூல் ஊசிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனதே தவிர உள்ளே போகவில்லை. எச்சில் தொட்டு முறுக்கினான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மீசை சார்!" உள்ளேயிருந்து குரல் வந்தது. வாசலில் ஆம்புலன்ஸ். ஊசியை அவர் கையில் கொடுத்துவிட்டு அண்ணன் ஓடினான்.

7

வந்தவர் ஒரு முதியவர். பிழைத்தாரா என்றுதானே கேட்கிறீர்கள்? பிழைத்தார். சத்தியமாக நான் பிழைக்க வைக்கவில்லை, அவரேதான் பிழைத்தார். கண்ணைத் திறந்ததும், "எவன்டா என் சட்டையக் கிழிச்சது?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் கையைத் தூக்கினானாம். பெரியவர் திட்டத் திட்ட அண்ணனும் டாக்டரம்மாவும் காது குளிரக் கேட்டுக்கொண்டு நின்றார்களாம். கிழிந்த சட்டைக்காகச் சண்டை போடுகிறவரைப் போல அழகானவர் உலகத்தில் கிடையாது என்பான் அண்ணன்.

வராந்தாவுக்குத் திரும்பி வந்தபோது அந்த அம்மா போய்விட்டிருந்தார். பெஞ்சில் நான்கு ஓட்டைப் பொத்தான் தனியாகக் கிடந்தது. பக்கத்தில் நூல்கண்டு, கத்தரிக்கோல், ஓர் அட்டைத் துண்டு. அட்டையில் ஊசி. ஊசியில் நூல் கோத்து, நுனியில் முடிச்சும் போட்டு வைத்திருந்தது, அடுத்த சட்டைக்குத் தயாராக.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். துடைக்க வந்த அக்கா அவனைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் கண் பிரிவுக்குப் போனான். கண்ணைச் சோதித்துக்கொண்டு, கண்ணாடிக்கு எழுதி வாங்கிக்கொண்டு, திரும்பித் தன் இடத்துக்கே வந்துவிட்டான். அண்ணி ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் அவளே அவனுக்கு நூல்கண்டு வாங்கி வந்தாள்.

8

முடிவு.

(அ) அந்த அம்மா நான்கு ஓட்டைப் பொத்தானை வெட்டி எடுத்துவிட்டு, பர்சில் இருந்த பொத்தானை அந்த இடத்தில் தைத்தார். கேட்டது கேட்டபடி, கடைசியில் தைத்துக் கொடுத்துவிட்டார்.

(ஆ) வெட்டி எடுத்தார். ஆனால் தைக்கவில்லை. கணவர் கடைசியாகப் போட்டுக்கொண்டு போன சட்டையில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அது அப்படியே இருக்கட்டும் என்று மடித்து வைத்துக்கொண்டார்.

(இ) தைக்க ஆரம்பித்து, பாதியில் —

அண்ணனுக்கு எது என்று தெரியாது. நூல்கண்டில் எவ்வளவு குறைந்திருந்தது என்று கேட்டேன். "அதையெல்லாம் எவன் அளந்து வச்சான்?" என்றான். அந்த அம்மாவைத் தேடிப் போய்க் கேட்கலாம்தான். கேட்க எனக்கு உரிமை இல்லை. நீங்கள் என்றால் தைத்திருப்பீர்களா, விட்டிருப்பீர்களா? அவரவர் வீட்டுச் சட்டையை நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

எனக்கு (அ)தான் பிடித்திருந்தது. நேற்றுவரை. இன்று காலை (ஆ)வைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தபோது —

பக்கத்து அறையிலிருந்து என் கணவர் கூப்பிடுகிறார். வெளியே கிளம்ப வேண்டுமாம். சட்டையில் ஒரு பொத்தான் ஆடுகிறதாம். அண்ணன் தைத்த சட்டை இல்லை, அது இந்த ஜன்மத்தில் அவிழாது. இது வேறு. போன வாரமே சொன்னாராம், நான் காதிலேயே வாங்கவில்லையாம், எந்நேரமும் கதை கதை என்று உட்கார்ந்திருக்கிறேனாம், இந்த வீட்டில் அவருடைய சட்டைகளுக்கு நல்ல காலமே கிடையாதாம்.

நன்றாகக் கத்துகிறார். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருக்கிறது.

ஊசியைக் காணோம். தேடி எடுத்துத் தைத்துக் கொடுத்துவிட்டு, அவர் கிளம்பும்போது வாசல்வரை போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வருகிறேன். கதை இப்படியே கிடக்கட்டும்.